முதலில் பிழைக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநிலத்தில் குழந்தைகளுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கும் எல்லா மருத்துவமனைகளின் துறைத் தலைவர்களுக்கும்,

கடந்த ஆண்டு எங்கள் தெருவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குக் கழுத்தில் கட்டி வந்து, திசுப் பரிசோதனையில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்க் கணுப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவனுடைய பெற்றோர் என்னைத் தேடி வந்தார்கள். அதே நோய் எனக்கு 15 வயதில் வந்ததும், நான் பிழைத்து இன்று 37 வயதில் அவர்கள் கண்முன்னே வேலைக்குப் போய் வருவதும் ஊரறிந்த செய்தி. அவர்களோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் சிகிச்சை முறையை விளக்கி முடித்த பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மருந்துகளால் பிற்காலத்தில் இவனுக்குக் குழந்தை பிறப்பதில் தடை வருமா, வருமென்றால் மருந்து தொடங்குவதற்கு முன் விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா? அவர் கோபப்படவில்லை. ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே விளக்கத்தைச் சொல்லிக் களைத்துப்போன குரலில், "முதலில் பையன் பிழைக்கட்டும் சார், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

2003 ஆம் ஆண்டில், வேறொரு ஊரில், வேறொரு மருத்துவர் என் தகப்பனாரிடம் சொன்னதும் இதையேதான். "பின்னாடி ஏதாவது குறை வருமாங்கய்யா?" என்று அவர் கேட்டார், முதலில் பிழைக்கட்டும் என்று பதில் வந்தது. அந்தப் "பிறகு" என் வாழ்வில் எப்போது வந்தது, எப்படி வந்தது என்பதை இந்த மடலில் சொல்கிறேன். இருபதாண்டுகளுக்குப் பிறகும் அதே பதில் இன்னொரு பிள்ளையின் பெற்றோருக்குக் கிடைப்பதை என்னால் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு சிற்றூரில், தையல்காரரின் மகனாகப் பிறந்தவன். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் வந்த கட்டிக்கு முதல் நான்கு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி கரையாமல் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டிகள் வந்த பிறகே நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு ஆறு சுற்று மருந்து. ஒவ்வொரு சுற்றிலும் முதல் நாளும் எட்டாம் நாளும் ஊசி வழியாக இரண்டு மருந்துகள் ஏறும். அதோடு 14 நாள்களுக்குக் குளிகைகளும் மாத்திரைகளும் விழுங்க வேண்டும். கடைசியில் கழுத்துக்குக் கதிர்வீச்சு. வார்டில் நாங்கள் எல்லோரும் அதைக் "கரண்ட் வைப்பது" என்றுதான் சொல்வோம். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது; அப்பா இரவில் மருத்துவமனை வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுத்தார். என்னைக் காப்பாற்றியவர்கள் மீது எனக்கு ஆயுள் முழுவதற்குமான நன்றி உண்டு. இந்த மடலின் எந்த வரியையும் நன்றி மறந்தவனின் பேச்சாகக் கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் முடி கொட்டும், வாந்தி வரும், வெள்ளை அணுக்கள் குறையும் என்று இருந்தது. முடி கொட்டுவதைப் பற்றி மட்டும் மூன்று பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். அது ஆறே மாதத்தில் முளைத்துவிட்டது. முளைக்காமல் போகக்கூடிய ஒன்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

2015 இல் எனக்குத் திருமணம் நடந்தது. நோயை மறைத்துவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தியும், பெண் பார்த்த மறுவாரமே என் மனைவியாக வரவிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அதாவது எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும். அவர் கேட்டுவிட்டு, "இப்ப நல்லா இருக்கீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். நல்லாயிருக்கிறேன் என்றேன். அன்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது உண்மையுமில்லை. என் உடலைப் பற்றிய உண்மை என் கோப்பில் இருந்தது, என்னிடம் இல்லை. தெரியாமல் நான் கொடுத்த வாக்கை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையை முடிவு செய்தார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் என் மனைவிக்கு நேர்ந்ததை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்காத வீடு இல்லை. முதல் மருத்துவர் தைராய்டு பார்த்தார். இரண்டாமவர் மாதத்தில் ஐந்து நாள் ஸ்கேன் எடுத்து முட்டை வளர்ச்சியைப் பார்த்தார். மூன்றாமவர் கருக்குழாய் அடைப்பு உண்டா என்று சாயம் செலுத்திப் படம் எடுத்தார். அன்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வந்த அவருடைய முகம் எனக்கு மறக்கவில்லை. பிறகு வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஊரிலோ அவரை "மலடி" என்றார்கள். அந்தச் சொல் நம் மக்களின் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கிறது. "மலடன்" என்று யாரும் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் என்னை யாரும் பரிசோதிக்கவில்லை. 2018 இல் நான்காவதாகப் பார்த்த பெண் மருத்துவர்தான் முதல் சந்திப்பிலேயே, "கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டார். முடிவுத் தாளில் விந்தணு இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. "சின்ன வயதில் பெரிய நோய் ஏதாவது வந்ததா?" என்று அவர் கேட்டார். பழைய கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. ஒரு மருந்தின் பெயருக்குக் கீழே பேனாவால் கோடிட்டு என் பக்கம் திருப்பினார். புரோகார்பசின். ஒவ்வொரு சுற்றிலும் 14 நாள் நான் விழுங்கிய குளிகையின் பெயரை, அதை விழுங்கி முடித்து 15 ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மருந்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பெற்றோருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். புரோகார்பசின், சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு, புசல்ஃபான், மெல்பலான் ஆகிய மருந்துகள் வேகமாகப் பிரியும் புற்று அணுக்களை அழிப்பது போலவே, விதைப்பையில் விந்தணுவை உருவாக்கும் மூல அணுக்களையும், பெண் பிள்ளைகளின் சினைப்பையில் உள்ள முட்டைகளையும் அழிக்கின்றன. எவ்வளவு அழியும் என்பது மொத்த அளவைப் பொறுத்தது. ஆண் பிள்ளைகளிடம் இந்தச் சேதம் வெளியே தெரியாது. ஆண்மைக்கான ஹார்மோனைச் சுரக்கும் அணுக்கள் இந்த மருந்துகளை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன; அதனால் எனக்கு மீசை அடர்ந்தது, தோள் விரிந்தது, இல்லறத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. தேடிப் போய்ச் சோதித்தாலன்றி வேறு எந்த அறிகுறியும் காட்டாத இந்தச் சேதத்தைப் பற்றி, மருந்து கொடுத்தவர்கள் சொல்லியிருந்தால் தவிர எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இவை புதிய கண்டுபிடிப்புகளும் அல்ல. லிம்போமாவுக்கான இத்தகைய கூட்டு மருந்துகள் ஆண்களின் விந்தணுவை அழிக்கின்றன என்பது 1970களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. உறையவைத்த விந்தணுவைக் கொண்டு முதல் கர்ப்பம் உண்டானது 1953 இல். நான் குளிகை விழுங்கிய அதே காலத்தில், ஜெர்மனியில் 2002 இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், ஹாட்ஜ்கின் நோய் வந்த சிறுவர்களுக்குப் புரோகார்பசினை நீக்கிவிட்டு வேறு மருந்துகளைக் கொடுத்தார்கள்; அவர்களின் எதிர்காலக் குழந்தைப்பேற்றைக் காப்பதும் அந்த மாற்றத்தின் நோக்கமாக இருந்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம், சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என்று 2006 இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 15 வயதில் நான் பருவமடைந்திருந்தேன். ஒரு நாள் அவகாசம், தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி அறை, ஒரு சிறு குப்பி, எனக்குப் புரியும்படி சொல்ல ஒரு பெரியவர், இவை இருந்திருந்தால் போதும். திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 பாகையில், அது இன்றும் இருந்திருக்கும். விதைப்பையில் நுண்ணறுவை செய்து தேடினால் சிலருக்கு ஓரிரண்டு விந்தணுக்களாவது கிடைப்பதுண்டு; எனக்கு அதுவும் செய்தார்கள், கிடைக்கவில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்குரிய முட்டைகள் எல்லாம் அவளுடைய சினைப்பையில் இருக்கின்றன, 10 முதல் 20 லட்சம் வரை. பூப்படையும் காலத்தில் அது 3 அல்லது 4 லட்சமாகக் குறைந்திருக்கும். புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. கதிர்வீச்சைக் கிரே என்ற அலகில் அளப்பார்கள்; அடிவயிற்றில் செலுத்தும் கதிர்வீச்சில் 2 கிரே என்பது மிகச் சிறிய அளவு. அதுவே அவற்றில் பாதியை அழிக்கப் போதும். கருப்பையிலும் கதிர் பட்டால் அது வளராமல் சிறுத்துப்போகலாம். பின்னாளில் கருத்தரித்தாலும் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு, சினைப்பை நன்றாக இருந்தும் அதற்குக் கட்டளை போகாமல் நின்றுவிடலாம்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்த, என்னைவிட மூன்று வயது இளைய ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பில் கட்டி. மருந்தும் கரண்டும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவள் வயதுக்கு வரவில்லை. அவளுடைய தங்கைக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது, சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவளும் அவள் அம்மாவும் பின்கட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். வேண்டுதல்களும் நாட்டு மருந்தும் என்று எட்டு ஆண்டுகள் போயின. 24 வயதில் வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோதுதான், சினைப்பை சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாமல் அவளுடைய எலும்புகள் மூதாட்டியின் எலும்புகளைப் போல மெலிந்திருப்பது தெரிந்தது. உரிய வயதில் மாதவிடாயைக் கொண்டுவரவும் எலும்பைக் காக்கவும் ஹார்மோன் மாத்திரை இருந்தது. அதன் விலை பெரிதுமல்ல. அவளுக்குத் தேவைப்பட்டது, "இந்தப் பெண்ணுக்கு 13 வயதிலும் மாதவிடாய் வராவிட்டால் ஹார்மோன் சோதனை செய்யவும்" என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்படாமல் போன ஒரு வரி.

பேசாமல் இருப்பதன் தீங்கு இன்னொரு பக்கத்திலும் உண்டு. புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளில் பலருக்கு, குறிப்பாக வழக்கமான இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு, பிற்காலத்தில் இயல்பாகவே குழந்தை பிறக்கிறது. பரம்பரை மரபணுவால் வரும் விழித்திரைப் புற்று போன்றவை நீங்கலாக, மீண்டவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுதலாக வருவதில்லை என்று டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் யாரும் சொல்லாத இடத்தில் ஊர் பேசுகிறது. "அதுக்கெல்லாம் புள்ள பொறக்காது, பொறந்தாலும் குறையோட பொறக்கும்" என்று அது பேசுகிறது. அதை நம்பித் திருமணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட இருவரை எனக்குத் தெரியும். இன்னொரு பெண், குழந்தை உண்டாகாது என்று உறவினர் சொன்னதை நம்பிக் கவனமின்றி இருந்து, கருவுற்றாள். சிறு வயதில் அவளுக்கு ஏறிய, வார்டில் நாங்கள் "சிவப்பு மருந்து" என்று அழைத்த டாக்சோரூபிசின் இதயத் தசையை நலியச் செய்யக்கூடியது என்பது அவளுக்கும் தெரியாது, அவளைப் பார்த்த மகப்பேறு மருத்துவருக்கும் அவளுடைய பழைய நோய் தெரியாது. எட்டாம் மாதத்தில் படுக்க முடியாமல் மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தாள். தாயும் சேயும் பிழைத்தார்கள். முதல் மாதத்திலேயே எடுத்திருக்க வேண்டிய எக்கோ என்ற இதய ஸ்கேனை எட்டாம் மாதத்தில் எடுத்தார்கள்.

எங்கள் தெருப் பையனிடம் திரும்பி வருகிறேன். மருத்துவர் போன பிறகு இளைய மருத்துவர் ஒருவர் தாழ்வாரத்தில் என்னிடம் வந்து, கேட்டது சரியான கேள்வி என்றும், விந்தணுச் சேமிப்பு அங்கே இல்லை, காப்பீட்டிலும் வராது என்றும் சொன்னார். பெற்றோரின் சம்மதத்தோடு அன்று மாலையே ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். பையனுக்கு 21 வயது ஆகாததால் எடுக்க முடியாது என்றார்கள்; 2021 ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தைக் காரணம் காட்டினார்கள். அந்தச் சட்டம் சேவை பெறும் வயதைப் பெண்ணுக்கு 21 முதல் 50 வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை என்று சொல்வது உண்மைதான். குழந்தை பெற்றுக்கொள்ள வருகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரம்பு அது. நாளைக்கு மருந்து ஏறப்போகிற ஒரு சிறுவனின் விந்தணுவை அவனுக்காகவே பத்திரப்படுத்துவதை அந்த வரம்பு தடுக்கிறதா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல யாரும் இல்லாததால், ஒவ்வொரு மையமும் அச்சத்தில் கையை விரிக்கிறது. இரண்டாவது மையம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது நான்கு மணி நேரப் பயணத் தொலைவில், முன்பணத்தோடு, திங்கட்கிழமை வரச் சொன்னது. வெள்ளிக்கிழமை மருந்து ஏறத் தொடங்கியது. மூன்று நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க அந்தத் தகப்பனாருக்குத் துணிவு வரவில்லை. நோய் முற்றிவிடுமோ என்று அஞ்சுகிற ஒருவரிடமிருந்து அந்தத் துணிவை எதிர்பார்க்கவும் கூடாது. அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியவர் மருத்துவர்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அவகாசம் இருக்காது என்பதை அறிவேன். நெஞ்சில் கட்டி மூச்சுக்குழலை அழுத்தும்போதும், இரத்தத்தில் புற்று அணுக்கள் நிறைந்திருக்கும்போதும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. பருவமடையாத சிறுவர்களுக்கு இன்று நிச்சயமான வழி எதுவும் இல்லை. விதைப்பைத் திசுவை உறையவைப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைத்துப் பின்னாளில் மீண்டும் பொருத்தும் முறையில் 2004 இல் பெல்ஜியத்தில் முதல் குழந்தை பிறந்தது; ஒன்பது வயதில், பூப்படையும் முன்பே எடுத்துவைத்த திசுவைக் கொண்டு ஒரு பெண் 2016 இல் லண்டனில் தாயானார். நம் ஊரில் அது இன்னும் மிகச் சிலருக்கே எட்டக்கூடியது. இவற்றையெல்லாம் சொன்ன பிறகு பெற்றோர் "வேண்டாம், சிகிச்சையைத் தொடங்குங்கள்" என்று சொன்னால் அது அவர்களுடைய முடிவு. எதுவும் செய்ய இயலாத பிள்ளைக்கும்கூட, செய்ய இயலாது என்று அறிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதிர்ச்சியில் இருக்கும் பெற்றோரிடம் இதை எப்படிப் பேசுவது, விடலைப் பையனிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தயங்குவது எனக்குப் புரிகிறது. புற்றுநோய் என்ற சொல்லையே அந்தப் பெற்றோரிடம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, இதைச் சொல்லவும் வழி தெரியும் என்று நம்புகிறேன்.

நானும் என் மனைவியும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தோம். 2022 ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகள், தத்தெடுப்பவருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்கின்றன. நியாயமான விதிதான். ஆனால் மருத்துவச் சான்றுக்கு நான் போன இடத்தில், 15 வயதில் புற்றுநோய் வந்ததை மறைக்காமல் எழுதியதால், சான்றில் கையெழுத்திட ஏழு மாதம் தயங்கினார்கள். 15 வயதில் "குணமாகிவிட்டாய்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான், 35 வயதில் என் குணத்தை நிரூபிக்க அலைந்தேன்.

1954 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய மாநிலம் இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குழந்தைகளின் கீமோவுக்குப் பணம் கட்டுகிறது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையம் நடத்துகிறது. ஒவ்வொரு கர்ப்பிணியையும் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி எண் கொடுத்துப் பதிவு செய்கிறார். மும்பை டாடா நினைவு மருத்துவமனை சிகிச்சை முடித்த குழந்தைகளுக்கென்றே 1991 முதல் தனிப் பிரிவு நடத்திவருகிறது. எனவே நம் நாட்டில் இது முடியாத காரியமும் அல்ல. நான் கேட்பவற்றில் பெரும்பாலானவை, ஏற்கெனவே உள்ள இந்த வசதிகளை ஒன்றோடொன்று இணைப்பவைதான்.

என் கோரிக்கைகளில் முதலானது சுற்றறிக்கை ஒன்று. 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் முதல் கீமோவோ முதல் கதிர்வீச்சோ தொடங்கும் முன், கருவளப் பாதிப்பைப் பற்றிப் பெற்றோரிடமும், விவரம் புரியும் வயதென்றால் பிள்ளையிடமும் தமிழில் பேசப்பட வேண்டும். பேசியவர், நாள், சொன்ன ஆபத்தின் அளவு ஆகியவை கோப்பில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவின் கீழே கையெழுத்திட வேண்டியவர் மருத்துவர். அவசரத்தால் பேச இயலவில்லை என்றால் அதற்கான காரணத்தையும், பின்னர் பேசிய நாளையும் அதே இடத்தில் எழுதச் செய்யுங்கள்.

பருவமடைந்த ஆண் பிள்ளைகளின் விந்தணுச் சேமிப்பையும், மருத்துவர் பரிந்துரைக்கும் பெண் பிள்ளைகளின் முட்டை அல்லது சினைப்பைத் திசுச் சேமிப்பையும் காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் சேருங்கள். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பாதுகாப்புக் கட்டணத்தையும் அதிலேயே அடக்குங்கள், ஏனென்றால் 14 வயதில் சேமித்ததை 28 வயது வரை பணம் கட்டிக் காக்க ஒரு தையல்காரரால் முடியாது. அரசுக் கருத்தரிப்பு மையத்தில் இதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணும், விடுமுறை நாளிலும் 48 மணி நேரத்துக்குள் மாதிரியைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். அந்த மாதிரியைக் கொடுக்க வரும் சிறுவனைப் பொதுக் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள்.

2021 ஆம் ஆண்டின் சட்டத்திலுள்ள வயது வரம்பு, நோயுற்ற சிறாரின் கருவளச் சேமிப்புக்குப் பொருந்துமா என்பதை அந்தச் சட்டத்துக்கான மாநில வாரியத்தின் வழியாக எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் மத்திய அரசிடம் கேட்டுப் பெற்று எல்லா மையங்களுக்கும் அனுப்புங்கள்.

சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், பெற்ற மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடமும் அளவும், எந்த வயதில் எந்தச் சோதனை செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை அடங்கிய ஒரு தாளைத் தமிழில் கொடுங்கள். பெற்றோர் அதை அலமாரியில் ஒளித்துவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், என் அம்மா அப்படித்தான் செய்தார். ஆகவே 18 வயது நிறைந்ததும் அந்தப் பிள்ளையையே நேரில் அழைத்து இன்னொரு முறை கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாள், இப்படி மீண்டவர்களுக்கென்று, ஹார்மோன், மகப்பேறு, இதயம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் ஒரே இடத்தில் பார்க்கும் பிரிவு நடக்கட்டும். பழைய பதிவேடுகளைப் புரட்டி, 1990 முதல் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களுக்கு அழைப்பு அனுப்புங்கள். சுழியத்தைத் தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அவர்களுடைய மனைவிமார் எத்தனை பேர் இன்று சாயம் செலுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களோ. குழந்தையின்மைக்காக வரும் தம்பதியரில், கணவரின் விந்துப் பரிசோதனை முடியாமல் மனைவிக்கு வலி தரும் சோதனை எதையும் செய்யக் கூடாது என்ற ஒரு வரியையும் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புங்கள்.

பிக்மி பதிவில் "சிறு வயதில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றதுண்டா?" என்ற கேள்வியைச் சேர்த்து, உண்டு என்பவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் எக்கோ எடுக்க வழி செய்யுங்கள். தத்தெடுப்புக்கான மருத்துவச் சான்றில், சிகிச்சை முடிந்து நோய் திரும்பாமல் பல ஆண்டுகள் கடந்தவரை உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவராகக் கருத வேண்டியதில்லை என்று சான்றளிக்கும் மருத்துவர்களுக்குத் தெரிவியுங்கள்.

இவற்றை வகுக்க நீங்கள் ஒரு குழு அமைத்தால், மீண்டவர்களில் ஒருவரையும், பெற்றோரில் ஒருவரையும் அதில் உறுப்பினராக வையுங்கள். என் கோப்பின் நகலோடு எந்த நாளில் அழைத்தாலும் வருகிறேன். எங்கள் தெருப் பையனுக்கு அடுத்த மாதம் கடைசிச் சுற்று முடிகிறது; அவன் வீடு திரும்பும் நாளில் அவன் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
2003 இல் உங்கள் கைகளால் பிழைத்த ஒருவன்